உண்ட பின் மட்டும்: வீடற்றோரின் உணவும் மருந்தும்

மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு இருக்கும். காலை உணவுக்கு முன் ஒன்று, இரவு உணவுக்குப் பின் ஒன்று என்று அதில் எழுதியிருப்போம். இவ்வரியை ஒரு நாளில் எத்தனை முறை எழுதுகிறோம் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தவர் ஒரு முதியவர்.

பண்ருட்டி இரயில் நிலைய நடைமேடையில் மயங்கிக் கிடந்த அவரை 108 ஊர்தியில் கொண்டுவந்தார்கள். உடலெங்கும் வியர்வை, பேச்சில் குழறல். காலையிலிருந்தே அவர் தள்ளாடிக்கொண்டிருந்ததாகவும், குடித்திருப்பார் என்று எண்ணி எவரும் அருகில் செல்லவில்லை என்றும் உடன் வந்த இளைஞர் கூறினார். அவரிடம் மதுவின் வாடையே இல்லை. இரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் கண் விழித்தார். அவருடைய வேட்டி மடிப்பில், நெகிழிப் பையில் பத்திரமாகச் சுற்றி வைத்த சீட்டு ஒன்று இருந்தது. அது எங்கள் சீட்டு. மூன்று வாரங்களுக்கு முன் கால் புண்ணுக்குச் சிகிச்சை பெற்று எங்கள் பிரிவிலிருந்தே சென்றவர் அவர். முகவரி என்ற இடத்தில் 'பண்ருட்டி' என்று மட்டும் எழுதியிருந்தது.

"ஐயா, சாப்பிடாமல் மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டோம்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொன்னீங்க சார். போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடுதான் வரல" என்றார்.

அவர் தவறேதும் செய்யவில்லை. சீட்டில் உள்ளபடியே நடந்துகொண்டார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை அது. அதை விழுங்கியபின் உணவு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வீடு உள்ளவருக்கு எழுத வேண்டிய சீட்டை, வீடில்லாத ஒருவருக்கு நாங்கள் எழுதியிருந்தோம். பிழை எங்களுடையது. அப்பிழையிலிருந்து நாங்கள் கற்றதை, இம்மடலைப் படிக்கும் நோயாளர்களோடும் உடனிருந்து பேணுவோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வீடற்றோர் என்பவர் யாவர்?

சாலையோரம், நடைபாதை, பாலத்தின் அடி, கோயில் மண்டபம், இரயில் நடைமேடை போன்ற திறந்த இடங்களில் வாழ்வோரை வீடற்றோர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரையறுக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் இத்தகையோர் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஓரிடத்தில் நிலையாக இராதவர்களை எண்ணுவது அரிது என்பதால், உண்மைத் தொகை இதனினும் மிகுதியாகவே இருக்கும் என்பது இத்துறையில் பணியாற்றுவோர் பலரின் கருத்து.

வீடற்றோர் என்றவுடன் சென்னை போன்ற பெருநகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் வேறொரு படத்தைக் காட்டுகின்றனர். மனைவி இறந்தபின் மகன் வீட்டில் இடமின்றிப் போன முதியவர், மனநோயால் வழிதவறி ஏதோ ஒரு பேருந்தில் ஏறி வந்திறங்கிய பெண், மதுவினால் குடும்பத்தை இழந்தவர், பலாப்பழப் பருவத்தில் சுமை தூக்க வந்து பருவம் முடிந்தபின் திரும்ப இயலாமல் தங்கிவிட்டவர் என இவர்கள் பல வகையினர். இவர்களுள் பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் வீடு இருந்தது.

இயற்கைப் பேரிடர்களும் மனிதரை வீடிழக்கச் செய்வதைக் கடலூர் மாவட்டம் நன்கறியும். 2004-இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2015-இல் பெருவெள்ளம் சூழ்ந்தது. கூரையோடு பிழைப்பும் சேர்ந்து போகும்போது மீண்டெழுவது கடினம்.

வீட்டையிழக்கச் செய்வதில் நோய்க்கும் பெரும்பங்கு உண்டு. நெடுநாள் நோயில் வேலை போகிறது, வாடகை நிலுவையாகிறது, கடன் பெருகுகிறது. எனவே வீடற்றோரை நம்மினும் வேறான மனிதராகக் கருதுவதற்கு எவ்விதக் காரணமும் இல்லை.

பசியை நோயாகக் கண்ட மண்

பசியைப் பிணி என்று அழைக்கும் மரபு தமிழுக்குப் பழையது. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி அப்பிணிக்கான மருந்துக்கலமாகவே கூறப்படுகிறது. நம் மாவட்டத்தில் அக்கருத்து அடுப்பும் சோறுமாக இன்றளவும் நிலைத்திருக்கிறது. பண்ருட்டிக்குத் தெற்கே உள்ள வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். சாதி, சமய வேறுபாடின்றிப் பசித்து வந்தோர் அனைவருக்கும் உணவளிப்பதற்காக அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

அடுத்த பத்தாண்டுகளுக்குள் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை எண்ணற்றோர் ஊரையும் வீட்டையும் விட்டு உணவு தேடி அலைந்தனர். நிவாரணப் பணியில் ஈடுபட்ட ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியமும் அதற்கு மேல் சிறு காசும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அவ்வளவு தானியம் உடலுழைப்புக்குப் போதாது என்றும், பருப்பும் காய்கறியும் இல்லாத உணவால் மக்கள் மெலிந்து நோயுற்று இறப்பர் என்றும் அவர் வாதிட்டார்.

அவர் அன்று எழுப்பிய வினா இன்றும் மாறவில்லை. வயிறு நிறைந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. உடலுக்கு வேண்டியது கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும்.

பசித்த உடலில் நிகழ்வது என்ன?

உணவு கிடைக்காத முதல் நாளில் கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை செலவாகிறது. அதன்பின் கொழுப்பும் தசையும் கரைகின்றன. கை கால் தசைகள் மட்டுமல்ல, இதயத் தசையும் மெலிகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. புண் ஆறுவது தாமதமாகிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 47 கிலோவுக்குக் கீழ் இருப்பின் மெலிந்தவர். 41 கிலோவுக்குக் கீழ் இருப்பின் கடும் மெலிவுற்றவர் என்று கொள்கிறோம். சிலருக்குச் சத்துக்குறைவால் கால்களில் நீர் கோத்து வீங்குவதுண்டு. அவ்வீக்கம் எடையைக் கூட்டிக் காட்டி மெலிவை மறைத்துவிடும்.

மெலியாதவருக்குச் சத்துக்குறைவு இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. தெருவில் வாழ்வோருக்கு எளிதில் கிடைப்பவை தேநீர், பன், சோறு, பொங்கல் ஆகியவையே. சர்க்கரை கலந்த தேநீர் பசியை அடக்கும். ஆனால் உணவோடு சேர்த்துக் குடிக்கும்போது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். பருப்பு, முட்டை, கீரை, பழம் ஆகியவை அரிதாகவே கிட்டுகின்றன. ஆகவே இரத்தசோகை, ஈறு வீங்கிக் குருதி கசிதல், வாய்ப்புண், கால் எரிச்சல் ஆகியவற்றை இவர்களிடம் அடிக்கடி காண்கிறோம். பற்களை இழந்தவர்களுக்குக் கிடைத்த உணவையும் மெல்ல இயலாது.

உணவு கிடைப்பதிலும் ஒழுங்கில்லை. திருவிழா நாளில் நான்கு இடங்களில் அன்னதானம் நடக்கும். மறுநாள் ஓரிடத்திலும் இருக்காது. மழைக்காலத்தில் கடைகள் அடைத்திருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு இவ்வேற்றத்தாழ்வு மிகவும் கொடியது. ஒரு நாள் சர்க்கரை 400-ஐத் தாண்டும். மற்றொரு நாள் 40-க்குக் கீழே இறங்கும்.

அன்போடு இட்ட உணவே ஆபத்தாவது எப்போது?

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று முழு விருந்தளிப்பது உயிருக்கே தீங்காகலாம். இதனைப் பலர் அறியார்.

பேருந்து நிலையத்தருகே பல நாள்களாகப் பேசாமல், உண்ணாமல் அமர்ந்திருந்த ஒரு பெண்ணை அப்பகுதி இளைஞர்கள் கவனித்தனர். பரிவோடு பேசி உண்ண வைத்தனர். இரண்டு நாள்கள் வேளைதோறும் சோறும் இனிப்பும் வாங்கிக் கொடுத்தனர். மூன்றாம் நாள் அவருக்குக் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது, நினைவு தடுமாறியது. அவ்விளைஞர்களே அவரை எங்களிடம் கொண்டுவந்தனர். "சாப்பாட்டில் ஏதாவது கெட்டுப்போயிருந்ததா சார்?" என்று கலங்கிக் கேட்டனர். உணவில் குறையில்லை.

பட்டினியில் உடல் தன் இயக்கத்தைச் சுருக்கிக்கொள்கிறது. மாவுச்சத்து திடீரென மிகுதியாக வரும்போது இன்சுலின் பெருகிச் சுரக்கிறது. அப்போது இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகள் உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. முன்பே குறைந்திருந்த தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் தீர்ந்துபோகிறது. இதயம் தளர்கிறது, மூளை தடுமாறுகிறது. இதனை மீளுணவுக் கோளாறு என்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டோரிடம் இந்நிலையை மருத்துவர்கள் விரிவாகக் கண்டறிந்தனர்.

பத்து நாள்களுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் உண்ணாதவர், மிகவும் மெலிந்தவர், நெடுங்காலம் மது அருந்தியவர் ஆகியோருக்கு இவ்வாபத்து மிகுதி. இவர்களுக்கு முதலில் தயமின் கொடுத்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்குப் பத்து கலோரி என்ற அளவில் உணவைத் தொடங்குகிறோம். 40 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நாளில் அது 400 கலோரி. ஆறேழு இட்லிகள் தரும் ஆற்றலே. இரத்த உப்புகளை நாள்தோறும் அளந்து, நான்கு முதல் ஏழு நாள்களில் படிப்படியாக உயர்த்துகிறோம்.

அப்பெண் பிழைத்தார். அவ்விளைஞர்கள் இல்லாதிருந்தால் அவர் எங்களிடம் வந்தே இருக்கமாட்டார் என்பதையும் அவர்களிடம் கூறினோம். ஆகவே எவரும் உணவளிக்க அஞ்ச வேண்டியதில்லை. பல நாள் உண்ணாதவர் என்று தெரிந்தால் சிறிது கஞ்சியோ ஓரிரண்டு இட்லியோ கொடுத்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

காசநோயும் உணவும்

சத்துக்குறைவும் காசநோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக நிறுவியது. காசநோயாளரின் குடும்பத்தினருக்கு அரிசியும் பருப்பும் அடங்கிய உணவுப்பொதி வழங்கியபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. நோயாளரில், முதல் இரு மாதங்களில் எடை ஐந்து விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் உறுதியானவுடன் மூன்று குறிகளைப் பார்க்கிறார்கள். மிகக் கடுமையான மெலிவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவையே அவை. இவற்றுள் ஒன்றிருப்பினும் நோயாளரை உள்நோயாளராகச் சேர்த்துப் பேண வழிவகை செய்யப்பட்டுள்ளது. சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டத்துக்கென அரசு மாதந்தோறும் வழங்கும் தொகை, 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் இத்தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஆவணமும் கணக்கும் இல்லாதவருக்கு அது சென்று சேர ஒருவர் முன்னின்று உதவ வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலுடன் எடை குறைந்துவரும் எவரையும் சளிப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் அப்பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அரிசி வேறு, சோறு வேறு

தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அப்படியிருக்க ஒருவர் ஏன் பசித்திருக்க வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. குடும்ப அட்டை பெற முகவரி வேண்டும். அட்டை இருந்தாலும் அரிசியைச் சோறாக்க அடுப்பு, பானை, விறகு, தண்ணீர், சமைத்ததை வைக்க ஓரிடம் ஆகியவை வேண்டும். நடைமேடையில் உறங்குபவருக்கு இருபது கிலோ அரிசி சுமையாகுமே தவிர உணவாகாது. அவருக்குத் தேவை சமைத்த உணவு.

2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும், ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சோறும், மூன்று ரூபாய்க்குத் தயிர்ச்சோறும் வழங்கியதன் அருமை இங்குதான் விளங்கும். இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் 2002 முதல் நடைபெறும் அன்னதானத் திட்டமும், வடலூர் அடுப்பும் அத்தகையவையே.

உறைவிடம் குறித்தும் உச்ச நீதிமன்றம் உணவுரிமை வழக்கில் 2010-இல் ஆணையிட்டது. நகர்ப்புறங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவுக் காப்பகம் என்ற அளவு அவ்வழக்கின் வாயிலாக வந்தது. பின்னர்த் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அவ்வளவைத் தன் நெறிமுறையில் ஏற்றது. 2011 கணக்கின்படி பண்ருட்டி நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 ஆயிரம். இத்தகைய சிறுநகரங்களில் தெருவில் உறங்குவோர் அக்கணக்கில் எளிதாக விடுபட்டுவிடுவர்.

எங்கள் சீட்டில் செய்த மாற்றங்கள்

அம்முதியவரின் வருகைக்குப்பின், நோயாளரை அனுப்பும் முன் நான்கு வினாக்களைக் கேட்கத் தொடங்கினோம். இன்றிரவு எங்கு உறங்குவீர்கள்? நேற்று என்னென்ன உண்டீர்கள்? சமைக்க வழி உண்டா? மருந்தை எங்கு வைப்பீர்கள்? இவற்றுக்குரிய விடைகளைப் பொறுத்தே சீட்டை எழுதுகிறோம்.

உணவு உறுதியில்லாதவருக்குச் சர்க்கரையை மிகவும் தாழ்த்தும் மாத்திரைகளை இயன்றவரை தவிர்க்கிறோம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் மெட்பார்மின் போன்ற மருந்தை, உண்ட பின் மட்டும் என்று எழுதிக் கொடுக்கிறோம். அவர்களுடைய சர்க்கரை நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. சற்றுக் கூடுதலாக இருப்பதைவிட, யாருமற்ற இடத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்குவது கொடிது. ஒரு நாளில் மூன்று முறை உண்ண வேண்டிய மருந்துக்கு மாற்றாக ஒரு முறை உண்பது இருந்தால் அதனையே தேர்கிறோம். திறந்த இன்சுலின் குப்பி, 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாதிருக்கும். நம் ஊர்க் கோடையில் தோள்பையில் அது சாத்தியமில்லை. எனவே இன்சுலின் கட்டாயம் தேவைப்படுவோரின் குப்பியை எங்கள் செவிலியர்களே வைத்திருந்து, அவர்கள் வரும்போது செலுத்துகின்றனர். நீர் பிரியச் செய்யும் மாத்திரையை எழுதும் முன், இரவில் கழிப்பறை வசதி உண்டா என்றும் கேட்கிறோம். இவ்வினா முன்பெல்லாம் எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

வாசகர்களாகிய உங்களுள் எவரும் இதனைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்களாகவே மாற்றிக்கொள்ளலாகாது. ஆனால் வேளைக்கு உண்ண முடியாத நிலை உங்களுக்கு இருந்தால், அதனைக் கூச்சமின்றி எங்களிடம் கூறுங்கள். கூறினால்தான் அதற்கேற்ற மருந்தை எழுத இயலும்.

உடனிருந்து பேணுவோர் கவனத்துக்கு

நோயாளருடன் வந்து, தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் நாள்கணக்கில் உறங்கும் நீங்களும் அந்நாள்களில் வீடற்றவர்களே. செலவுக்கஞ்சி ஒரு வேளை உணவைத் தவிர்ப்பவர்களையும், நோயாளருக்கு வந்த உணவில் பாதியைப் பகிர்ந்துண்போரையும் நாங்கள் அறிவோம். இதனால் நோயாளருக்கும் சத்து குறைகிறது, பேணுபவரும் தளர்கிறார். உங்களுக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், உங்கள் மாத்திரையையும் உடன் கொண்டுவாருங்கள். உணவுக்கு வழியில்லையெனில் செவிலியரிடம் தெரிவியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் செய்யக்கூடியவை

தெருவில் வாழும் ஒருவருக்கு உணவளிக்க விரும்பினால், சோற்றோடு புரதமும் பழமும் சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்த முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் உண்டு. நம் பகுதியில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், ஏழு கிராம் புரதமும் 170 கலோரியும் தரும். முந்திரி விளையும் ஊர் என்பதற்காக முந்திரி வாங்க வேண்டியதில்லை; மல்லாட்டை போதும். கொண்டைக்கடலைச் சுண்டல், வாழைப்பழம், பலாப் பருவத்தில் வேகவைத்த பலாக்கொட்டை ஆகியவையும் நல்லவை. பல்லில்லாதவருக்குப் பருப்புச்சோற்றைக் குழைத்துத் தரலாம். கொடுக்கும் முன், சர்க்கரை நோய் உண்டா, கடைசியாக எப்போது உண்டீர்கள் என்று கேளுங்கள். தூய குடிநீரும் கொடுங்கள்.

ஆண்டுக்கொரு நாள் நூறு பேருக்கு விருந்தளிப்பது நற்செயலே. ஒருவருக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு வேளை உணவளிப்பது மருத்துவ நோக்கில் அதனினும் பெரிது. வேளை உறுதியானால் அவ்வேளையோடு இணைத்து மருந்தும் கொடுக்கலாம்.

ஒருவர் தள்ளாடினாலோ குழறினாலோ, குடித்திருப்பார் என்று முடிவு செய்துவிடாதீர்கள். விழிப்போடு விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

கைவிடப்பட்ட முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்கள் உள்ளன. மனநோயுற்றுத் தம்மைப் பேண இயலாமல் அலைவோரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலைய அலுவலரின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. அவருடைய குடும்பத்தைத் தேடிக் கண்டறிவதும் அக்கடமையுள் அடங்கும். எனவே அத்தகையோரைக் கண்டால் காவல் நிலையத்தில் தயங்காமல் தெரிவிக்கலாம்.

அம்முதியவர்

அவருக்குப் புதிய சீட்டு எழுதினோம். பழைய மாத்திரையை நிறுத்தி, வேறொன்றை 'உண்ட பின் மட்டும். உண்ணாத நாளில் வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் குறித்தோம். நிலையத்தருகே உள்ள தேநீர்க் கடைக்காரர் ஒருவர் மாத்திரைகளை ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ள இசைந்தார். கடைக்குத் தண்ணீர் எடுத்து வைக்கும் முதியவருக்குக் காலையில் இட்லியும், உண்டு முடித்தபின் மாத்திரையும் அவர் கையால் கிடைத்தன. நான்கு மாதம் தவறாமல் வந்தார். 43 கிலோவாக இருந்த எடை 47 ஆயிற்று. மயக்கம் மீண்டும் வரவில்லை.

ஆனி மாதத்தில் அவர் வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டோம். பலாப்பழம் ஏற்றிச் சென்ற லாரி ஒன்றில், சொந்த ஊர்ப் பக்கம் போவதாகச் சொல்லிச் சென்றுவிட்டார் என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. சீட்டையும் மாத்திரை டப்பாவையும் மறவாமல் கேட்டு வாங்கிச் சென்றாராம்.